நீர்மட்டம் தெரியவில்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பார்த்துச்சொல்லி' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மணி என்ன அக்கா என்று கேட்டால், அப்போதுதான் கடிகாரத்தைத் தாண்டி வந்திருப்பார், ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார். பிளாஸ்கில் டீ இருக்கிறதா என்றால் ஆட்டிப் பார்த்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்ட ஒருவரிடம், "காலையில கிளம்பறப்ப சௌக்கியமா இருந்தார்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்தோம்.

அவருடைய வேலை ஆற்றின் நீர்மட்டம் பார்ப்பது. மதகுக்கு மேலே, கரையில் ஒற்றை அறைக் கட்டடம். அதிலிருந்து பதினேழு படி இறங்கினால் தண்ணீருக்குள் நிற்கும் அளவுக்கல். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு மீட்டரும் சென்டிமீட்டரும் எழுதியிருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. கணவர் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் உடைந்த வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலை என்று அக்கா இதில் சேர்ந்தார். கால் சரியான பிறகும் விடவில்லை. பத்தொன்பது வருடம், அத்தனை வருடமும் தற்காலிகப் பணியாளர்.

தண்ணீர் ஓரிடத்தில் நிற்குமா? அலை கல்லில் ஏறும், இறங்கும். கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து, ஏறின இடம் ஒன்று, இறங்கின இடம் ஒன்று என்று பார்த்து, நடுவை எடுப்பார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. மழைக்காலத்தில் சேறு படிந்து கோடு மறைந்துவிட்டால் துடைப்பத்தைக் கம்பில் கட்டித் தேய்ப்பார். தேய்த்தும் தெரியாவிட்டால் பதிவேட்டில் 'தெரியவில்லை' என்று எழுதுவார். கண்ணால் பார்க்காத எண்ணை எழுதியதே இல்லை. அந்தச் சொல்லோடு பதிவேடு அலுவலகத்துக்கு வந்தால், அளந்து பார்க்க உடனே ஒரு ஆள் நீளக் கம்போடு கிளம்பிப் போவார். அதுதான் அங்கே நடைமுறை.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதிவேட்டை ஒழித்துவிட்டுக் கணினியைக் கொண்டுவந்த மகானுபாவன் நான்தான். என் மேசைக்கு எதிரேயே இரண்டு அலமாரி நிறையப் பழைய பதிவேடுகள் இருந்தன. ஒன்றையாவது புரட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை. தூசி ஆகாது எனக்கு.

ஆற்றங்கரை அறையில் ஒரு கணினியை வைத்தேன். அக்கா தினம் இரண்டு வரி தட்ட வேண்டும்: தேதி, வேளை, நீர்மட்டம், குறிப்பு. அது கோப்பாக எங்களுக்கு வரும். என் நிரல் அதைப் படித்து அழகான அறிக்கையாகப் போட்டுத் தரும். மதகைத் திறப்பதா மூடுவதா என்று அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நானே ஐம்பது வரி தட்டிச் சோதித்தேன். ஐம்பதிலும் எண்தான் போட்டேன். அந்த இடத்தில் ஒருவர் சொல் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய பொறியாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா மட்டும், "நான் எழுதறது அப்படியே வந்து சேருமா தம்பி?" என்று கேட்டார். அச்சுப் பிசகாமல் வரும் அக்கா என்றேன். அதிகாரிகளைத்தான் அவர் சார் என்பார். மற்றவர்களெல்லாம் தம்பி, தங்கச்சி. நானும் அவருக்குத் தம்பி.

அந்த வருட மழையில் மூன்று நாள் ஆறு தாறுமாறாக ஏறியது. அறிக்கையில் மட்டும் ஏறவில்லை. மூன்று நாளும், ஆறு வேளையும், நான்கு புள்ளி ஒன்று இரண்டு. முந்தின மாலை இருந்த அதே எண். அதை நம்பி மதகைத் திறக்காமல் விட்டார்கள். மதகுக்கு மேலே தாழ்வான கரையில் இருந்த நீரேற்று நிலையத்துக்குள் தேங்கிய தண்ணீர் புகுந்து இரண்டு மோட்டார் எரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பாதி ஊருக்கு ஒன்பது நாள் குடிதண்ணீர் இல்லை.

விசாரணை பெரிய பொறியாளர் அறையில் நடந்தது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஆறு எண்ணையும் நான்தான் உரக்கப் படித்தேன். அளவுக்கல் பக்கமே போகாமல் முந்தின நாள் எண்ணைப் பார்த்துத் தட்டியிருக்கிறார் என்று எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எண்ணே போடல. தெரியவில்லைனுதான் எழுதினேன், தம்பி. ஆள் வருவாங்கன்னு படியிலேயே உட்கார்ந்திருந்தேன்."

"எழுதியிருந்தா அறிக்கையில வந்திருக்கும், அக்கா."

இதைச் சொன்னது நான். குரலைக்கூட உயர்த்தவில்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னேன். இன்று அந்தப் பொறுமையை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அக்கா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சரியா அழுத்தலையோ என்னவோ" என்றார். எனக்குத் தெரிந்து, தான் பார்க்காத ஒன்றை அவர் சொன்னது அன்று ஒரு நாள்தான். என்னை நம்பிச் சொன்னார். அதைத் 'தவறை ஒப்புக்கொண்டார்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த மாதம் அவருடைய நிரந்தரப் பணி ஆணை வர வேண்டியது. பத்தொன்பது வருடக் காத்திருப்பு. அது நின்றுபோயிற்று. ஆற்றங்கரையிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் உறைகளுக்கு முத்திரை குத்தும் மேசையில் போட்டார்கள். என் அறைக்குப் போகும் வழியில் அந்த மேசை. 'பார்த்துச்சொல்லி பார்க்காமச்சொல்லி ஆயிட்டாங்க' என்று யாரோ சொல்ல, நானும் பல்லைக் காட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

நான்கு மாதம் கழித்து வேறு எதற்கோ பழைய கோப்புகளைத் திறந்தேன். அறிக்கையை அல்ல, ஆற்றங்கரையில் தட்டிய மூலக் கோப்பை. மழை நாட்களின் ஆறு வரி அப்படியே இருந்தது.

'தெரியவில்லை. சேறு ஏறியிருக்கிறது. ஆள் அனுப்பவும்.' முதல் ஐந்து வரியும் இதுவே. ஆறாவது வரி மட்டும் வேறு. 'தெரியவில்லை. கடைசிப் படி மூழ்கிவிட்டது. உடனே ஆள் அனுப்பவும்.'

நடந்தது இதுதான். நான் பயன்படுத்திய லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு, ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். எழுத்தைக் கேட்டால் எழுத்து, எண்ணைக் கேட்டால் எண் எடுத்துத் தரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் கூச்சல் போடாது. 'தவறிவிட்டது' என்று தனக்குள் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டு நின்றுவிடும். அதற்கப்புறம் அந்த வரியில் எதைக் கேட்டாலும் தராது. அதனால்தான் குறிப்பும் வரவில்லை. எண்ணைப் போட நான் கொடுத்திருந்த இடத்தையும் எங்களிடம் இருந்த அந்தப் பழைய லைப்ரரி தொடாது. முந்தின வரியில் படித்த 4.12 அங்கேயே கிடந்தது. என் நிரல் அதை எடுத்து அக்காவின் பெயருக்கு நேராக ஆறு தடவை அச்சடித்துக் கொடுத்துவிட்டது. தவறிவிட்டதா என்று லைப்ரரியைக் கேட்க ஒரே ஒரு வரி போதும். படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் மாதமே சொல்லித்தருவார்கள். நான் எழுதவில்லை.

பார்க்காமல் எழுதியது நான். பார்த்து எழுதியவருக்குத் தண்டனை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அன்று செய்த முதல் வேலை, அந்த ஒரு வரியைச் சேர்த்ததுதான். இரண்டு நிமிடம் பிடித்தது. சேர்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் பெரிய பொறியாளர் ஊரில் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தார், எனக்குத்தான் வாய் வரவில்லை. இப்படிப் பதினோரு நாள். அக்காவின் மேசையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். சைக்கிள் நிறுத்துகிற சந்து அது, நாற்றம் குடலைப் பிடுங்கும். முகத்தில் விழிக்க முடியாத அளவுக்கு ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டு, அவர் முகத்தில் விழிக்காமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அவங்ககிட்ட சொல்லியாச்சா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முன்வாசல் வழியாகப் போனேன். அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். உறையில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் அடுக்கினார். தப்பு என்னுடையது அக்கா, நீங்க எழுதினது அப்படியே இருக்கு என்றேன். அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "எங்க, காட்டுங்க" என்றார்.

என் அறையில் கணினியில் அந்த ஆறு வரியையும் திறந்து வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து மறுபடியும் மேலிருந்து படித்தார். மூன்று முறை. நான் பக்கத்தில் கூனிக்குறுகி நின்றேன். திட்டட்டும், நாலு பேர் முன்னால் திட்டட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. அவர் திட்டவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும், தம்பி?"

நேற்று என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னொரு பொய் எண்ணைப் போட என்னால் முடியவில்லை.

"பன்னிரண்டு நாளாச்சு, அக்கா."

தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டுக்குள் வைத்தார்.

"எழுதிக் கொடுங்க. அந்தப் பன்னிரண்டு நாளையும் சேர்த்து எழுதுங்க, சார்."

எழுதிக் கொடுத்தேன். முடிந்துபோனதை எதற்கய்யா கிளறுகிறாய் என்று பெரிய பொறியாளர் கடிதத்தை வாங்கவே மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு, ஒரு நகலை மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். எனக்கு ஊதிய உயர்வு இரண்டு வருடம் நின்றது. அது போகட்டும். அக்காவை ஆற்றங்கரைக்கே திருப்பி அனுப்பினார்கள். நிரந்தர ஆணையும் வந்தது, ஏழு மாதம் தாமதமாக. அந்த ஏழு மாதத்தை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை. தர முடியாது.

இப்போது தினமும் காலையிலும் மாலையிலும் அவருடைய வரி வரும்போது, நிரல் பார்க்கிறது என்று தெரிந்தும் மூலக் கோப்பை நானும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை கையெழுத்துக்காக அலுவலகம் வருவார். காவலாளி தம்பி, தேநீர்க்காரர் தம்பி, புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாகூட ஒரே வாரத்தில் தம்பி ஆகிவிட்டார். நான் மட்டும் சார்.

போன மாதம் பொறுக்க முடியாமல் வாசல் வரை பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன், என் மேல இன்னும் கோபம் இருக்கா அக்கா என்று.

நின்றார். கேட்டதும் பதில் சொல்கிறவரா அவர்?

"பார்த்துட்டுச் சொல்றேன், சார்" என்றார்.