தூளி கட்ட ஓர் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று தடவை குடி மாறினேன். காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று, வெயில் சாயும்போது ஒன்று.

குடித்தனத்தோடு மலைக்குப் போகப் போகிறேன் என்று முன்பு இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வாசகர்களில் பாதிப் பேர், 'கைக்குழந்தையோடா? புத்தி கெட்டுப் போயிற்றா?' என்று கேட்டு எழுதினார்கள். மீதிப் பாதிப் பேர் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரியாற்றை மறித்து அணை கட்டுகிற மலைக் கேம்ப்பில் நான் ஒரு கிளார்க். ஊர் கீழே, கம்பம் பக்கம். இங்கே உள்ள கிளார்க்குகள் எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஏன் மாறினேன்?

கடைசியாக ஊருக்குப் போனபோது, என் மகள் பாக்கியம் என்னைப் பார்த்ததும் வீறிட்டாள். அதுகூடப் பெரிதில்லை. அவளைச் சமாதானப்படுத்துவதற்காக என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள்... என் வீட்டில்!

வெளியே நின்றபோதே முடிவு செய்துவிட்டேன் - இனி எங்கே இருந்தாலும் சேர்ந்துதான்.

என் மனைவி மதலேன் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "வாரேன். ஆனா பிள்ளை தூங்குறதுக்குத் தோதா ஒரு எடம் இருக்கணும். இல்லைன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவேன். அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது."

வண்டி அவள் அண்ணன் சவரிமுத்துவுடையது. என் மச்சான். அவருக்குக் கீழே அறுப்பு வேலை கிடக்கிறது. வெயில் இறங்குவதற்குள் கேம்ப்பை விட்டுக் கிளம்பினால்தான் இருட்டுமுன் குமுளி போய்ச் சேரலாம். இருட்டிய பிறகு பாதை யானைகளுக்குச் சொந்தம். ஆக, என் கையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

முதல் இடம் நான் பார்த்தது. மேட்டின் உச்சி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் இருப்பதையெல்லாம் நம்பிவிடுகிற வியாதி உண்டு. வீடு உயரமான, காற்றோட்டமான இடத்தில் அமைய வேண்டும் என்று சுகாதாரப் பாடத்தில் மனப்பாடம் செய்தவன். ஆபீஸில் கெஞ்சி ஒரு கான்வாஸ் டெண்ட் வாங்கி, நானே முளை அடித்து, நானே நிறுத்தியிருந்தேன்.

காற்றுக்குக் குறைவே இல்லை. பாக்கியம் மூச்சுத் திணறி அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மாப்ள, பிள்ளையைத் தூங்க வைக்கவா, பட்டம் விடவா?" என்றார் மச்சான்.

மதலேன் டெண்டுக்குள் நுழைந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "தூளி எங்கன கட்டுறது?"

வாசகர்களே, நான் எல்லாம் யோசித்திருந்தேன். அரிசி, விறகு, மண்ணெண்ணெய், அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு... இதை யோசிக்கவில்லை. டெண்ட் தைத்த சீமைக்காரர் எந்தப் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டினார்? மேலே குறுக்காக ஒரு மூங்கில் ஓடியது. என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். "இதுல கட்டலாமே" என்றேன், தைரியமாக.

"பொறுங்க மாப்ள. முதல்ல பூசணிக்காயைப் போட்டுப் பாப்போம்."

ஊரிலிருந்து கொண்டுவந்த பூசணிக்காய். ஏறக்குறைய பாக்கியத்தின் கனம். பழைய சேலையில் தூளி கட்டி, காயை உள்ளே படுக்க வைத்து, மெதுவாக ஓர் ஆட்டு ஆட்டினேன்.

மூங்கில் முறிந்தது. டெண்ட் என் தலையில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை - வேலை இல்லை - வேடிக்கை பார்க்க ஆளுக்குப் பஞ்சமா? கான்வாஸுக்குள் நான் வாசலைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல் அக்கறையாகக் கேட்டது: "பூசணிக்கா பொழச்சிருச்சா?"

மதலேன் சிரிக்கவில்லை. "அண்ணே, மாட்டை ரொம்பத் தூரம் மேய விட்டுறாதீக" என்றாள்.

இரண்டாவது இடம் அவள் பார்த்தது. ஓடைக் கரை.

"பிள்ளைத் துணி அலசணும்னா உங்க மேட்டுல இருந்து எம்புட்டுத் தூரம் எறங்கி வருவேன்? இங்கன பாருங்க, நெழலு, தண்ணி, தூளிக்குன்னே ஒரு கொப்பு!"

உண்மைதான். பெரிய மரம். கைக்கெட்டும் உயரத்தில் படுத்தாற்போல ஒரு கிளை. தூளி கட்டினாள். பாக்கியம் உள்ளே படுத்து, மேலே அசையும் இலைகளைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. குடிசைக்குக் கம்பு எங்கே வெட்டலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மச்சான் அலுப்பில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் முதுகெல்லாம் சேறு. திரும்பி மரத்தைப் பார்த்தார். பட்டை வழுவழுவென்று தேய்ந்து, எங்கள் தலைக்கு மேலே வரை மண் பூசியிருந்தது.

"மாப்ள... இம்புட்டு ஒசரத்துல சேத்தைப் பூசுனது ஆரு?"

நாலெட்டுத் தள்ளிக் கிடந்த சாணக் குவியல் பதில் சொல்லிவிட்டது. மாட்டுச் சாணம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

அந்த நேரம் பார்த்து இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் குடமுமாக ஒரு பெண் தண்ணீருக்கு வந்தாள். கருப்பாயி. அணை வேலையில் கல் சுமக்கிறவள், காமயகவுண்டன்பட்டிக்காரி. எங்கள் தூளியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"நல்ல எடமாத்தான் பாத்திருக்க தாயி. அந்தியில ஆனையே வந்து ஆட்டி விட்டுரும்!"

மதலேன் தூளியை அவிழ்த்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க லயத்துக்கு வாங்களேன்" என்றாள் கருப்பாயி. "உத்தரம் கெடக்கு. வரிசையாத் தூளி தொங்குது. எம் பிள்ளைக்குப் பக்கத்துல போடு."

லயம் என்பது கூலிக்காரர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருக்கும் நீளக் கொட்டகை. எனக்குக் கால் எழவில்லை. மறைப்பானேன்? என் அய்யா மண்வெட்டி பிடித்த கையோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே, நான் அந்தக் கொட்டகைக்குப் போகக்கூடாது என்றுதான். போதாததற்கு எங்கள் ஹெட் கிளார்க் அந்த வழியாக வந்து, விஷயத்தைக் கேட்டு, முகம் சுளித்தார்.

"லயத்துல குடியிருந்தா நாளைக்கு எவன் ஓய் உம்ம பேச்சைக் கேப்பான்?"

நியாயமான கேள்வி. ஆனால் சூரியன் நகர்ந்துகொண்டே இருந்தது. பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தேன்.

மூன்றாவது இடம்.

உத்தரம் உறுதியாக இருந்தது. கூரை ஒழுகாது என்றார்கள். கருப்பாயி தன் மகன் தூளியை நகர்த்தி இடம் கொடுத்தாள். பாக்கியத்தைப் போட்டு ஆட்டினோம். கண் சொருகியது...

வரிசையின் கடைசித் தூளியில் கிடந்த பிள்ளை ஒன்று அழுதது. அதற்கு அடுத்தது அழுதது. அதற்கு அடுத்தது. அழுகை தூளி தூளியாகத் தாவி எங்களிடம் வந்தது. பாக்கியம் எல்லோரையும் மிஞ்சினாள்.

"ஒண்ணு எந்திரிச்சா எல்லாம் எந்திரிச்சிரும். கொஞ்ச நாள்ல பழகிரும் தாயி" என்றாள் கருப்பாயி.

எங்களுக்குக் கொஞ்ச நாள் எங்கே இருக்கிறது? மச்சான் வாசலில் வந்து நின்றார். "ஏ புள்ள, மாட்டைப் பூட்டவா?"

மதலேன் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. உத்தரத்திலிருந்து சேலையை அவிழ்த்தாள். "பிள்ளையைச் செத்தப் பிடிங்க. துணியை மடிச்சுக்கிறேன்."

பாக்கியம் என் கைக்கு வந்தாள். உயிர் போகிறாற்போல் கத்தினாள். லயமே என்னைப் பார்த்தது. உள்ளே நிற்க முடியவில்லை, வெளியே வந்தேன். நடந்தேன்.

எங்கே போவது? மேட்டுக்குப் போனேன். திரும்பி ஓடைப்பக்கம் பாதி வரை போனேன். மறுபடி மேடு. அவள் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதாள். அழுகை கேவலாயிற்று. கேவல் விக்கலாயிற்று. பிறகு தோளில் திடீரென்று கனம் கூடியது. தூங்குகிற பிள்ளை விழித்திருக்கும் பிள்ளையைவிடக் கனம் - அன்றைக்குத்தான் தெரிந்தது.

நின்றேன். சிணுங்கினாள். நடந்தேன். அடங்கினாள்.

வண்டி பூட்டி நின்றது. மூட்டையோடு நின்ற மதலேன், நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்தபோது, "நிக்காதீக" என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காமல்.

"ஆத்தா, ஏறு. வெயிலு போகுது" என்றார் மச்சான்.

"நீங்க கெளம்புங்கண்ணே."

"அப்ப எடம் அமைஞ்சிருச்சா?"

"எங்க அமைஞ்சது? மூணுல ஒண்ணும் உருப்படி இல்ல. இவுகதான் நடக்குறாகல்ல... காலு ஓயிறப்ப சொல்லி விடுறேன், வாங்க."

இப்போது லயத்தில்தான் இருக்கிறோம். ஹெட் கிளார்க் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மழைக்கு முன்னால் மலைக்காய்ச்சல் வரும் என்கிறார்கள்; அதற்குள் கேம்ப் முழுவதும் கீழே இறங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். கவலை தீர்ந்தபாடில்லை. காற்று, தண்ணீர், நிழல், அக்கம்பக்கம் என்று அத்தனையும் பார்த்து இடம் பிடிக்கிறோம்... யார் தூங்க வேண்டுமோ, அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்காவது தெரிகிறதா?

எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் நடந்துகொண்டே எழுதியது - நின்றால் விழித்துக்கொள்கிறாள்.