நாற்பது குதிரைச் சக்திக்கு மறுத்தவர்

கோலா கெத்தில் சாலையோரத்தில் படகு இஞ்சின் கடை வைத்திருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, கருப்பெண்ணெய் ஊறிய கைகள். எந்தப் படகு வந்தாலும் முதலில் பின்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இஞ்சினைத் தாங்கப்போவது அதுதானே.

அறை வைத்த என் சின்னப் படகுக்கு நாற்பது குதிரைச் சக்தி இஞ்சின் மாட்டச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு இருபதே போதும்லா அண்ணே. நாப்பது வச்சா பலகை பிச்சிக்கும்" என்றார்.

"பாக்கார் ஆராங்ல என் மச்சான் முப்பது வச்சிருக்கான்."

"அப்ப ஆத்துல போறதுக்கா, மச்சானுக்குக் காட்டறதுக்கா? நான் மாட்ட மாட்டேன். உங்க புள்ளைங்களும் அதுலதானே உட்காரும்."

கோபத்தில் வேறு கடையில் நாற்பதையே மாட்டினேன். தீபாவளிக்கு மறுநாள் மச்சான் குடும்பத்தையும் பிரியாணிச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு வேகமெடுத்தபோது பின்பலகை பிளந்து தண்ணீர் புகுந்தது. எப்படியோ கரை சேர்ந்தோம். "எவன் இதை மாட்டுனது?" என்று மச்சான் கத்தினான். அத்தனை பேர் முன்னால் என் வாயில் வந்தது, மாட்ட மறுத்தவரின் கடைப் பெயர்தான். மச்சான் ஊரெல்லாம் சொன்னான். அந்தக் கடை வாசலில் படகுகள் குறைந்தன.

சில மாதம் கழித்துப் பசாரில் அவர் எதிரே வந்தார். ஒதுங்க இடமில்லை.

"பலகைய மாத்திட்டீங்களா அண்ணே?"

தலையாட்டினேன்.

"இந்தத் தடவை இருபதே வைங்க" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு அவரை மறந்திருப்பேன். மச்சானிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.