செத்த எலும்பு

என் அத்தையின் காலுக்குள் ஒரு செத்த எலும்பு கிடக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஏழு வயது.

அப்பாவின் தங்கை அவள். உத்தனப்பள்ளியில் எங்களோடுதான் இருந்தாள். முந்தைய அறுப்பின்போது கேழ்வரகுக் கதிர் ஏற்றிய வண்டி சாய்ந்து, சக்கரம் அவள் முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மண்ணைத் துடைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். அடுத்த அறுப்பும் வந்துவிட்டது. எலும்பு கூடவில்லை, புண்ணிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லாததால் நானும் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள செத்த எலும்பு கெடக்குது. அதை எடுத்தாத்தான் சீழ் நிக்கும். புண்ணு ஆறினப்புறம் இடுப்பெலும்புல கொஞ்சம் வெட்டி இங்க வெச்சா கூடிக்கும். ஆனா தொறந்து பாக்கறப்ப ரொம்பக் கெட்டிருந்தா, காலையே எடுக்க வேண்டி வரும்."

பிற்பாதி என் காதில் ஏறவே இல்லை. செத்தவர்களைக் கல்லறைக்குத் தூக்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். செத்த ஒன்றை அத்தை உள்ளேயே வைத்திருக்கிறாள். அது முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று மேலே ஏறினால்? தொட்டால் எனக்கும் ஒட்டிக்கொண்டால்? அன்று அவள் பாதி பிய்த்துக் கொடுத்த பன்னை வாங்கி, தின்னாமல் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் எல்லையோரத் தளி ஊர் அம்மாள் ஒருத்தி. ஒரு காலை எடுத்துவிட்டிருந்தார்கள். கன்னட வாடையடித்த தமிழில் அத்தையிடம் சொன்னாள்: "காலு போச்சும்மா, நோவு போகல. இல்லாத வெரலு இன்னும் நோவுது." அத்தை போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். நானோ அந்த விரல் எங்கே விழுந்து கிடக்கிறதோ என்று தரையெல்லாம் பார்த்தேன்.

ஆபரேஷன் நடக்கும்போது அம்மா வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருந்தாள். அத்தையைத் திரும்பக் கொண்டுவந்தபோது கழுத்துவரை வெள்ளைத் துணி, அசைவில்லை. செத்தது முழுக்க மேலே ஏறிவிட்டது என்று முடிவு செய்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் கண் விழித்தாள். அப்பா டாக்டரைத் தேடிப் போயிருந்தார். அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். அத்தை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு..."

நான் நகரவில்லை.

"இங்க வா கண்ணு. என் கால் கட்டைவெரல்ல நகம் வளந்திருக்குதா, பாத்துச் சொல்லு."

கிட்டே போய்த் துணியைத் தூக்கினேன். மாவுக்கட்டு. அதன் முனையில் ஐந்து விரல்கள், மஞ்சள் மருந்து பூசி.

"வளந்திருக்குது அத்தே. அழுக்கும் இருக்குது."

அவள் சிரித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சில மாதங்கள் கழித்து இடுப்பெலும்பை வைத்தார்கள், கால் கூடியது. சற்றுக் குட்டையான அந்தக் காலோடு அவள் வெகுகாலம் கதிர் அறுக்கப் போனாள்.

அத்தை அழுத அன்றைக்கு நான் வராந்தாவுக்கு ஓடி, வெந்நீரோடு வந்துகொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, நகம் வெட்டலைன்னு அத்தே அழுவுது" என்று சொன்னேன். இவ்வளவு பெரியவள் நகத்துக்காகவா அழுவாள் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தலையைத் தூக்கித் தானே பார்த்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.