கட்டுக்கு மேலே அக்கா வீடு

மழை பெய்தால் இப்போது எனக்கு நன்றாக உறக்கம் வருகிறது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

உக்குவளையில் ஓடை வளைந்து திரும்பும் பள்ளத்தில்தான் எங்கள் வீடு. முன்பெல்லாம் ஒக்டோபர் பிறந்தால் பின்னேர மழைக்குப் பயந்தே இருப்போம். வானம் இருண்டதும் அரிசிச் சாக்கைக் கட்டில்மேல் ஏற்றுவேன், குர்ஆனை அலுமாரி உச்சியில் வைப்பேன், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு நடப்பேன். மாமி பின்னால் முனகிக்கொண்டே வருவார்.

மேட்டில் அக்காவின் வீடு இருந்தது. சொந்தத்தால் வந்த அக்கா இல்லை, பழக்கத்தால் வந்த அக்கா. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறகு எங்களுக்கு மேலே ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, மிளகுக் கொடி படரவிட்டு, மகளோடு குடியிருந்தார். யாரும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். நாங்களாகவே போய்க் கதவைத் தட்டுவோம், அவர் பாயை விரிப்பார்.

முதல் தடவை போனபோது மாமி அங்கே சாப்பிடவில்லை. "அவங்கட சட்டியில என்னென்ன ஆக்கினாங்களோ" என்று என் காதில் கிசுகிசுத்தார். மாமியின் கிசுகிசுப்பு பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குச் சளைத்ததல்ல. அக்கா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்குப் போனபோது, பரணிலிருந்து துணி சுற்றிய ஒரு புது அலுமினியச் சட்டியை இறக்கி மாமியின் முன்னால் வைத்தார்.

"இது ஒங்களுக்குன்னே வாங்குனது. நாங்க இதுல ஒண்ணும் ஆக்குறதில்ல. அரிசி, பருப்பு, கிழங்கு எல்லாம் இருக்கு. நீங்களே ஆக்கிக்கங்க."

மாமி அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சட்டி இறங்கும், சோறும் பருப்பும் ஆக்குவோம். தண்ணீர் வடிந்ததும் நான் கழுவிக் கொடுப்பேன், அவர் பழையபடி துணி சுற்றிப் பரணில் வைப்பார். மாமி மௌத்தான பிறகும் இது மாறவில்லை.

பிறகு கட்டு வந்தது. ஓடை இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒடுங்கும் இடத்தில், அக்காவின் காணிக்குச் சற்றுக் கீழே, மண் கட்டு ஒன்று போடலாம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். பெருமழையின் தண்ணீர் கட்டுக்குப் பின்னால் தேங்கி, அடியில் பதித்த சீமெந்துக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடியுமாம். பள்ளத்து வீடுகள் தப்பிவிடுமாம். தேங்கும் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என் வீட்டுத் தரைதான் கண்ணுக்குள் நின்றது.

பெக்கோ இயந்திரம் வந்து மண்ணைப் போட்டு இறுக்கியது. கட்டின் மேல் புல் பதிப்பதை ஊர்கூடிச் சிரமதானமாகச் செய்தோம். அக்காவும் வந்தார். வாளி நிறைய இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புல் பத்தைகளைக் கையால் தட்டித் தட்டிப் பதித்தார்.

"இனி ஒங்களுக்குப் பயமில்ல தங்கச்சி" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

அந்த வருடமே அவருடைய மிளகுக் கொடிகள் மஞ்சளாகின. வேரில் தண்ணீர் நின்றால் மிளகு தாங்காது. ஒருநாள் பார்க்கப் போன நான், உரம் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிளகைக் கறியில் போடுவதைத் தவிர எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? ஏதாவது சொல்லிவிட்டு அங்கிருந்து சீக்கிரம் நழுவ வேண்டியிருந்தது.

போன வருடம் பெரிய மழை. அடுப்பில் மாட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று ஓடையைப் பார்த்தேன். அது கரைக்குள் அடங்கி நல்ல பிள்ளையாக ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் படலையில் சத்தம் கேட்டது. அக்காவும் மகளும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். மகளின் தலையில் ஒரு துணி மூட்டை. அக்காவின் இடுப்பில் அந்தச் சட்டி.

"அடுப்படி வரைக்கும் தண்ணி ஏறிருச்சு தங்கச்சி."

என் வீட்டுக்கு வராத தண்ணீர் எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துவாய் எடுத்தேன், உடுப்பு எடுத்தேன், பிளேன்டீ ஊற்றினேன், ஓயாமல் பேசினேன். சாப்பிடக் கூப்பிட்டபோது அக்கா தயங்கினார்.

"கந்தசஷ்டி விரதம். பகல்ல ஒண்ணும் தின்னல. இப்ப ஒரு வேள மரக்கறிச் சோறுதான்."

அடுப்படிக்குள் போய்ச் சட்டி சட்டியாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இறைச்சி ஆக்கியிருக்கிறேன், அகப்பையும் இறைச்சி துழாவியதுதான். இத்தனை மழைக்கு அவர் வீட்டில் தங்கியிருக்கிறோம். அவருக்கென்று ஒரு சட்டி வாங்கி வைக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தண்ணீர் வருவது எங்கள் வீட்டுக்கு, ஆட்கள் போவது அவர் வீட்டுக்கு என்றே இருந்துவிட்டேன்.

"தேடாதீங்க" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார். "ஒங்க சட்டியத்தான் கொண்டாந்திருக்கேனே. சோறும் பருப்பும் தவிர இதுல எதுவும் பட்டதில்ல. நீங்கதானே ஆக்குனீங்க."

கறியை இறக்கி மூடிவிட்டு, சாரலையும் பார்க்காமல் ஜன்னல்களைத் திறந்தேன். அவர் சிரித்தார். "விடுங்க, முருகன் கொஞ்ச நேரம் மூக்கப் பொத்திக்குவாரு."

ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு, சட்டியைக் கழுவித் துணி சுற்றி, வழக்கம்போல அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இங்கயே இருக்கட்டும் தங்கச்சி. இனி மழைக்கு நாங்கதானே வரணும்."

மகளைக் கூட்டிக்கொண்டு சேற்றை மிதித்து மேலே போனார். அன்றைக்கே கணவரிடம் சொல்லி அடுப்படிச் சுவரில் உயரமாக ஒரு பலகை அடிக்கச் செய்து சட்டியை அதில் வைத்தேன். பிள்ளைகள் தொடுவதில்லை. தொழுதுவிட்டு அக்காவுக்காகத் துஆ கேட்கிறேன், அவர் மிளகுக்காகவும் கேட்கிறேன். அந்தக் கட்டு இல்லாமல் போகட்டும் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.