அறுபது இழுப்பு

சவரத் தொழிலில் முகத்தில் கத்தி ஓடுகிற நேரம் கொஞ்சம். அதைத் தீட்டுகிற நேரம்தான் அதிகம். கன்னத்தில் நுரை காயக் காயக் கதிரையில் காத்திருந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், உங்களைக் காக்க வைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு நானும் நிஸ்தாரும் புத்தளத்தில் இரண்டு கதிரை போட்டு ஒரு சலூன் நடத்தினோம். அக்கம்பக்கத்துச் சலூன்களில் பாவித்து எறிகிற பிளேட் வந்துவிட்டது. எங்களிடம் ஆளுக்கொரு மடக்குக் கத்தி, பொதுவாக ஒரு கல், ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் தோலுமாக ஒரு தீட்டு வார்.

எண்ணிக்கை

ஒவ்வொரு முகத்துக்கும் முன் கத்தியை வாரில் இழுக்க வேண்டும். துணிப் பக்கத்தில் இருபது, தோல் பக்கத்தில் நாற்பது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது. நடுவில் யாராவது கதை கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன். கதைக்க வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம்.

கற்பிட்டியிலிருந்து மீன் கொண்டுவரும் லாபிருக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம், அவர் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். ஒருநாள் நான் முப்பத்தொன்றில் நிற்கும்போது, "இண்டைக்கு மழை வருமா நானா?" என்றார். திரும்பத் தொடங்கினேன். ஐம்பத்திரண்டில், "முந்தல் பக்கம் இறாலுக்கெல்லாம் நோயாமே?" என்றார். மூன்றாம் தடவை நான் ஒன்று என்று தொடங்கியதும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு சவரத்துக்குக் காணுமான அளவு தாடி வளந்திரும் போல ஈக்கி நானா."

நிஸ்தாரின் காது

சுமார் நாற்பது முகத்துக்கு ஒருமுறை கத்தி கல்லுக்குப் போகும். வாரில் முதுகு முன்னே போகும், கூர் பின்னால் வரும். கல்லில் கூர்தான் முன்னே. நான் கல்லிலும் எண்ணுவேன், பக்கத்துக்குப் பன்னிரண்டு. நிஸ்தார் எண்ண மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார். சில நாள் ஒன்பதில் எடுப்பார், சில நாள் பதினைந்தில்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் கணக்கு வைத்துப் பார்த்தேன். நான் தீட்டிய கத்தி நாற்பது முகத்துக்கு வந்தது. அவர் தீட்டியது நாற்பத்தாறு முகத்துக்கு வந்தது. ஆறு முகம் வித்தியாசம். வெட்கத்தை விட்டு, எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "முதல்ல கல்லு கரகரண்டு கதைக்கும். பிறகு குசுகுசுக்கும். சத்தம் அடங்கினா எடுத்துரணும். லாபிர் மாதிரி இல்ல நானா, கல்லு ஒரு நேரத்தில நிப்பாட்டும்."

உப்பளத்து முகம்

காசிமுக்கு உப்பளத்தில் வேலை. நாடியில் மட்டும் தாடி விட்டு, கன்னத்தையும் கழுத்தையும் வழிப்பவர். வெயிலும் உப்பும் சேர்ந்து அந்தக் கன்னத்தைச் சின்னச் சின்னதாய் வெடிக்க வைத்திருந்தன. மயிர் மூன்று திசையில் வளர்ந்திருந்தது. மூத்த மகளின் நிக்காஹ்வுக்கு வேறெங்கோ பிளேட்டில் வழித்துக்கொண்டு போனாராம். ஏழு வெட்டு, அவரே எண்ணி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டையின் கழுத்தில் இரத்தம் வடிந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தது மகளின் காதிலும் விழுந்திருக்கிறது.

இளைய மகளின் நிக்காஹ்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்களிடம் வந்தார். அதுவரைக்கும் உப்பளத்துக்குப் போகாமல் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கச் சொன்னேன். காசிம் சொன்னார்: "எண்ணெய் பூசலாம், போகாம இருக்க ஏலாது. முகத்தை நான் கொண்டு வாறன், கத்தியை நீங்க பாருங்க நானா."

வெட்டுப்பட்ட வார்

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். காலையிலேயே காசிம் கதிரையில் இருந்தார். அடுத்த முறைக்கு லாபிர் காத்திருந்தார். முப்பத்தேழாவது இழுப்பில், "மாப்பிள்ளை எந்த ஊர்?" என்று காசிமிடம் கேட்டார் லாபிர். நான் நிமிர்ந்து பார்த்தேன். இழுப்பின் முடிவில் கத்தியை முதுகில் உருட்டித் திருப்ப வேண்டும். நான் கூரில் திருப்பிவிட்டேன். வார் குறுக்கே பிளந்தது. கூரும் மழுங்கியது. இத்தனை வருடத்தில் என் கையால் வார் வெட்டுப்பட்டது அந்த ஒருமுறைதான்.

நிஸ்தார் கத்தியை வாங்கிக் கல்லில் வைத்துக் கண்ணை மூடினார். கூர் திரும்பி வந்தது. ஆனால் கல்லில் இருந்து நேரே வந்த கூர் கடிக்கும். வாரில் இழுக்காமல் அந்தக் கன்னத்தில் அதை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. காசிம் எழுந்தார். இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தின் மேல் கட்டியிருந்த நாலு விரல் அகலத் தோல் பட்டியைக் கழற்றி நீட்டினார். "இருவது வருசம் என்னோட இழுபட்டது. உங்களோட அறுவது இழுபடாதா?" என்றார்.

பட்டியில் முதுகோடு படும் பகுதியில் பையும் இல்லை, தையலும் இல்லை. உப்புப் பரல் ஒன்றுகூட இல்லாமல் துடைத்து, உள்புறத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி போல் இருந்தது. கொக்கியில் மாட்டி இழுக்கத் தொடங்கினேன். துணிப் பக்கம் இல்லாததால் அறுபதும் தோலில்தான். கண் காசிமின் கன்னத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நடுவில் எண்ணிக்கை போய்விட்டது. ஒன்றிலிருந்து தொடங்கக் கையைத் தூக்கினேன். "நாப்பத்தி மூணு," என்றார் லாபிர், மெதுவாக. "நாப்பத்தி நாலில இருந்து போங்க நானா. நான் எண்ணிக்கிட்டுத்தான் ஈக்கிறன்."

கிணற்றுத் தண்ணீர்

இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு காசிம் கண்ணை மூடினார். மயிர் போன மூன்று திசையிலும் நானும் போனேன். லாபிர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். முடிந்ததும் முகம் துடைத்த துவாயில் பார்த்தேன். சிவப்பு இல்லை.

காசிம் நம்பவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெட்டையும் அது காட்டிக்கொடுக்கும். ஒரு கையில் சாரத்தோடு பின்பக்கம் போய், மற்றக் கையால் மூன்று தடவை முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பியபோது அவர் கண்ணும் நனைந்திருந்தது. "எரியல்ல நானா," என்றார். "பட்டியைக் கெதியாத் தாங்க, சாரம் விழப்போகுது."

நான் எண்ணாத நாளில்லை, ஆனால் என் தொழிலில் மிகச் சரியாக வந்த அந்த அறுபதில் நாற்பத்து மூன்றை எண்ணியது லாபிர்.