சண்டையில்லாத டிபன்

என் கணவர் கொடுக்கும் சாயங்கால டிபனில் மட்டும் ஏன் சண்டையே வருவதில்லை? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் பதினைந்து வயது மகள் தட்டை விசிறியடிப்பாள், கையைக் கீறுவாள், பேயே என்பாள். பட்டினி கிடந்து கிடந்து ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிய பிள்ளை. எடை இன்னும் குறைந்தால் இருதயம் தாங்காது, மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அடித்தால் ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள், திட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள், தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

அந்த வாரமும் எடை குறைந்திருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். கழுத்து திரும்பும் விதத்திலேயே பிட் அடிக்கிறவர்களைப் பிடித்துவிடுவேன். டிபனை எங்கேயாவது ஒளிக்கிறாளோ என்று தலையணை உறை, ஜன்னல் இடுக்கு, குப்பைக்கூடை, ஒன்றையும் விடவில்லை. ஒரு பருக்கை அகப்படவில்லை. பெற்ற பிள்ளையின் பையைத் துழாவுவது அசிங்கமாகத்தான் இருந்தது. அதையும் துழாவினேன்.

ஒரு நாள் சிறப்பு வகுப்பை இன்னொரு டீச்சர் தலையில் கட்டிவிட்டு, திருப்பரங்குன்றத்து வீட்டுக்கு நாலரைக்கே வந்து பின்வாசல் வழியாக நுழைந்தேன். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலூரில் காலை ஷிப்ட் முடித்து வந்த மனுஷன், அவள் தட்டிலிருந்த தோசையைப் பிய்த்து அவசர அவசரமாகத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். வேலியே பயிரை மேய்கிறது! வந்த ஆத்திரத்தில் தோசைக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அவர் விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தார். “அம்புட்டு அடியும் அடிச்சிட்டு, அப்புறம் அவளே கெடந்து நடுங்குறா. என்னால பாக்க முடியல,” என்றார்.

கரண்டியால் அவரை அடிக்கவில்லை, தோசைதான் சுட்டேன். இரண்டு தோசையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, நீங்கள் எழுந்திருக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவள் டம்ளரை எறிந்தாள். அவர் தோளில் பட்டது. தட்டைக் கவிழ்த்தாள், மறுபடி சுட்டேன். அவர் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே அவரிடம் சொன்னாள்.

“நீங்க எடுத்துத் தின்னப்பல்லாம், நான் செத்தாலும் பரவாயில்லைன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா.”

நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், விழுங்குகிறாளா என்று.