இன்ஜினியரம்மாவின் ஒரு சொல்

“போல்ட்ஸ் இல்லடா, ஷுரூப். எத்தனை தடவை சொல்றது உனக்கு” என்று திரையைக் கடிந்துகொள்கிறார் வெத்தூரியா பிர்சான். ஆங்கிலத்து போல்ட்டுக்கு மரை உண்டு; அதற்கு ரோமேனியச் சொல் ஷுரூப். ரோமேனிய மொழியில் ஏறக்குறைய அதே ஒலியில் இருக்கும் ‘போல்ட்ஸ்’ மரையே இல்லாத வெறும் முளை. மொழிபெயர்க்கும் கணினி ஒலியை நம்பி ஒவ்வொரு முறையும் இந்தக் குழியில் விழுகிறது. இவர் தூக்கிவிடுகிறார். தூக்கிவிட்ட கையோடு எள் தூவிய வளைய ரொட்டியில் ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொள்கிறார். எள்ளெல்லாம் விசைப்பலகைக்குள் போகும். மாலையில் அதைக் கவிழ்த்துத் தட்டுவது என் வேலை.

எங்கள் ப்ரஷோவ் நகரில் டிராக்டர் ஆலை ஓடிய காலத்தில் பல்சக்கரப் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். ஆலை மூடிய பிறகு, தெரிந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்புக்கு வந்தார். குள்ளமான உருவம், முழங்கால் வலி, பைகள் தொங்கிப்போன சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கழுத்துக் கயிற்றில் ஒரு கண்ணாடி; தலைமேல் இன்னொன்று. தலைமேல் இருப்பதை மறந்துவிட்டுத் தேடுவார். முதலாளி திபேரியுவின் மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. இயந்திரக் கையேடுகளை அவர் மொழிபெயர்ப்பார். நான் படங்களோடு சேர்த்துப் பக்கம் அமைப்பேன். திபேரியு உட்பட எல்லாரும் அவரை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

கணினி மொழிபெயர்த்துத் தருவதைத் திருத்தினால் போதும் என்று ஆனதிலிருந்து அவருக்கு அலுப்பு கூடிவிட்டது. எழுதுவதைவிடத் திருத்துவது சுலபம்தானே என்று ஒருநாள் கேட்டேன்.

“முழுசா தப்பா இருந்தா கண்ணு பிடிச்சுக்கும். முக்கால்வாசி சரியா இருந்தா கண்ணு தூங்கிப்போயிடுது” என்றார்.

போன குளிர்காலத்தில், பனி கொட்டிய ஒரு மாலையில், என் பழைய டாச்சியா கார் கிளம்பவில்லை. அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். நான் சாவியைத் திருகத் திருக முனகலைத் தவிர ஒன்றும் வரவில்லை. எதிர்ப் பழக்கடைக்காரர் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டி, “அக்குமுலத்தோர் இறங்கிப்போச்சுங்க” என்றார். பேட்டரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

வெத்தூரியா அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து, அந்தப் பனியில், முழங்கால் வலியோடு, வந்த வழியே அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இலையுதிர் காலத்தில் அனுப்பிய ஒரு கையேட்டைத் திறந்துவைத்திருந்தார். கார்க் கதவுகளை அழுத்தி வடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றின் கையேடு. ‘பெரிய குழாயைக் கழற்றுமுன் அக்குமுலத்தோரை இறக்கவும்’ என்று இருந்தது. ஆங்கில மூலத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அங்கே அது, எண்ணெயைப் பேரழுத்தத்தில் அடைத்துவைத்திருக்கும் எஃகுப் புட்டியைக் குறிக்கிறது. அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். எங்கள் பாடப்புத்தகங்களும் புட்டிக்கு அந்தப் பெயரைத்தான் தருகின்றன. ஆனால் பட்டறையில் நிற்கிறவன் காதில் அது பேட்டரி. கணினி எழுதியது அது; காலையிலிருந்து திருத்திக் களைத்திருந்த ஒரு நாளில் இவர் அதைப் படித்து, தலையசைத்து, அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

திபேரியு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லா அகராதியும் அந்தச் சொல்லைத்தான் தருகிறது, புத்தகம் அச்சாகிப் போய்விட்டது, நாமாகப் போய்ச் சொன்னால் வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே அந்த பிரஸ் ஓடும் ஆலைக்குப் போனோம். பாதுகாப்பு அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். அந்தப் பக்கத்தை இவர் விரித்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது. அந்த பிரஸ்ஸில் விபத்து ஏற்கெனவே நடந்திருந்தது. ஒவிதியு என்ற பராமரிப்புத் தொழிலாளி, வேறு பிரிவிலிருந்து புதிதாக மாற்றப்பட்டவர், கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குழாயைத் தளர்த்தியிருக்கிறார். எண்ணெய் ஊசிபோல வலது உள்ளங்கைக்குள் பாய்ந்துவிட்டது. மருத்துவமனையில் கையைக் கிழித்துச் சுத்தம் செய்து காப்பாற்றினார்கள். விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி, வேலையிலிருந்து நிறுத்தியும் ஆகிவிட்டது.

வெத்தூரியா அந்த வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: “அவர் படிச்சபடிதான் செஞ்சிருக்கார். படிக்கிறவன் என்ன நினைப்பான்னு பாக்காம விட்டது நான்.”

“நீங்க இதைச் சொல்லணும்னு அவசியமே இல்லம்மா. அறிக்கையை முடிச்சாச்சு.”

“முடிச்சதைத் திறங்க தம்பி. நான் இருக்கேன்.”

மேல்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரி யார் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். கேண்டீனிலிருந்து புளிப்புச் சூப் வந்து ஆறிப்போனது. வெளியே ஷிப்டு மாறும் சங்கு ஊதிய பிறகுதான் திருத்திய அறிக்கை வந்தது. அதில் இவர் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஒவிதியுவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கிடங்கில். திபேரியு அந்த வாடிக்கையாளரை இழந்தார். இனி வர வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டு, இவர் பெட்டியைத் தானே சுமந்து வாசல்வரை வந்தார். குளிர் முடிவதற்குள் நானும் விலகினேன். இப்போது சின்னச் சின்ன வேலைகள், இவர் வீட்டுச் சமையலறை மேசையில். ஆபத்தான வரி வந்தால் முன்பின் தெரியாத பட்டறைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துக் காட்டுகிறார். “இதைப் படிச்சதும் முதல்ல எதைத் தொடுவீங்க?” சிலர் திட்டிவிட்டு வைக்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வா இருப்பீங்களா என்று விசாரித்தார்.

வசந்தத்தில் லைலக் பூத்திருந்த ஒரு நாள் ஒவிதியு வந்தார். பெரிய உடம்பு, கூச்சம் மிகுந்த மனிதர். மாமியார் போட்ட பிளம் ஜாம் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். கிடங்கு பரவாயில்லை, குளிர்தான் கொஞ்சம் அதிகம் என்றார். போனவாரம் மகளுக்குச் சைக்கிள் வாங்கியதைச் சொன்னார். பிறகு, “இப்ப அந்த எடத்துல என்ன போட்டிருக்கீங்க இன்ஜினியரம்மா?” என்று கேட்டார்.

“எண்ணெய் அழுத்தப் புட்டியோட வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேத்துங்க. மானி பூஜ்யம் காட்டுற வரைக்கும் குழாயைத் தொடாதீங்க.”

அவர் மெல்லத் தலையசைத்தார். “இது புரியுது.”

தேநீர்க் கோப்பையை வலக்கையால் எடுக்கப் போனார். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. இடக்கைக்கு மாறிக்கொண்டார். வெத்தூரியா தன் வலக்கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒவிதியு கிளம்பிப் போகும்வரை இவர் தேநீர் ஊற்றியதும், சர்க்கரையை நகர்த்தியதும், கடைசியில் கதவைத் திறந்துவிட்டதும் இடக்கையால்தான்.